கேட்டார்கள் சரி, பதில் சொன்னார்களா?

பழுப்புத்தாள் சுருளைத் தரையில் விரிக்கிறார்கள். ஒரு பிள்ளை அதன்மேல் மல்லாந்து படுக்க, இன்னொரு பிள்ளை தடித்த மார்க்கரால் உடலைச் சுற்றிக் கோடு இழுக்கிறது. படுத்த பிள்ளை எழுந்ததும் தாளில் ஓர் ஆளுருவம் மிஞ்சுகிறது. தலைக்குள் மனதில் ஓடுவதை எழுத வேண்டும், நெஞ்சுக்குள் பிடித்ததை, வயிற்றுக்குள் பயத்தை, பாதங்களுக்குள் போக ஆசைப்படும் இடத்தை. எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையலாம். அரை மணி நேரத்தில் உருவம் முழுக்க எழுத்தும் படமுமாக நிரம்பிவிடும்.

அயர்லாந்தில் அரசு சார்பில் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்பவர்கள் கையாளும் உத்திகளில் இதுவும் ஒன்று. கேள்வித்தாளை நீட்டாமல் ஏன் இந்த விளையாட்டு? எட்டு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு எப்படிப்பட்ட சமூகம் வேண்டும்?" என்று நேரே கேட்டுப் பாருங்கள். டீச்சர் எதிர்பார்க்கும் விடைதான் வரும். "எல்லோரும் அன்பாக இருக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடும். வயிற்றுக்குள் எழுது என்று சொன்னால், பஸ்ஸில் பின்சீட்டில் உட்காரும் பெரிய பையன்களைப் பற்றி எழுதும். அரசுக்குத் தேவைப்படுவது அந்த இரண்டாவது விடை.

பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை விரிவாக்க அரசு திட்டமிட்டபோது, 2016-ல் 5 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் போய்க் கேட்டார்கள். மதியத்துக்கு மேல் பள்ளிக் கட்டடங்கள் சும்மாதானே கிடக்கின்றன, அங்கேயே வைத்துக்கொள்ளலாமே என்பது பெரியவர்களின் கணக்கு. பிள்ளைகள் சொன்னது வேறு. வீட்டுக்குப் போக வேண்டும். பசிக்கிறது. சாய்ந்து உட்கார வேண்டும். வெளியே ஓடி விளையாட வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்த அதே வகுப்பறையில், அதே விதிகளோடு மறுபடியும் உட்காரப் பிடிக்கவில்லை. நல்ல சமூகம் என்றால் பெரியவர்கள் சொல்லும் நியாயம், அன்பு, ஆரோக்கியம் என்ற சொற்கள் ஒன்றுகூட இதில் இல்லை. ஆனால் மூன்றும் இதற்குள்தான் இருக்கின்றன. பெரியவர்கள் தத்துவத்தில் பேசுவதைப் பிள்ளைகள் மணிக்கணக்கிலும் அடிக்கணக்கிலும் பேசுகிறார்கள். மொழிபெயர்க்க வேண்டிய பொறுப்பு பெரியவர்களுடையது.

இந்த நாடு பிள்ளைகளிடம் கேட்கப் பழகிக்கொண்டதற்குப் பின்னால் ஒரு கறுத்த வரலாறு உண்டு. தொழிற்பள்ளிகள் என்ற பெயரில் மதச் சபைகள் நடத்திய விடுதிகளில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் பெற்றோர் இல்லாத பிள்ளைகளும் பல பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்தார்கள். அங்கே நடந்த அடி, பட்டினி, பாலியல் கொடுமை ஆகியவற்றை விசாரித்த ரயன் ஆணையம் 2009 மே மாதம் ஐந்து தொகுதிகளில் அறிக்கை தந்தது. கொடுமை எங்கோ ஓர் இடத்தில் நடந்த விபத்து அல்ல, நிறுவனங்களின் நடைமுறையாகவே இருந்தது என்பதும், கண்காணிக்க வேண்டிய கல்வித் துறை சபைகளுக்குப் பணிந்து போனது என்பதும் அதன் முடிவுகள். வாய்திறந்த பிள்ளைகளை நம்ப ஆளில்லை. சாதாரணப் பள்ளிகளில்கூட 1982 வரை பிரம்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. வீட்டில் அடிக்கும் பெற்றோர் "நியாயமான கண்டிப்பு" என்று நீதிமன்றத்தில் சொல்லித் தப்பிக்கும் வழி 2015 டிசம்பர் 11-ல்தான் மூடப்பட்டது. பிள்ளை பேசுவதைக் கேட்பதை ஒரு நாடு நடைமுறையாக்கிச் சட்டம் எழுதுகிறது என்றால் அது வெறும் பெருந்தன்மையால் அல்ல. சூடு கண்ட பூனையின் எச்சரிக்கையும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை அயர்லாந்து 1992-ல் ஏற்றது. அதன் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளை கருத்துச் சொல்லலாம், அதற்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது. 2000-த்தில் குழந்தைகளுக்கான தேசியத் திட்டம் வந்தது. 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2004-ல் குழந்தைகளுக்கான குறைதீர்ப்பாளர் அலுவலகம் தொடங்கியது. எமிலி லோகன் முதல் குறைதீர்ப்பாளர். 2015 முதல் நீல் மல்டூன். 2012 நவம்பர் 10-ல் குழந்தைகளுக்காகவே ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களிக்க வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். அவர்களில் 58 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். நீதிமன்ற வழக்கு முடிந்து 2015-ல்தான் 42ஏ என்ற பிரிவு அரசியலமைப்பில் ஏறியது.

இந்தப் பிரிவைப் பலர் பெரிதாக எண்ணிக்கொள்கிறார்கள். உள்ளே போய்ப் படித்தால், பிள்ளையின் கருத்தை அறிய வேண்டும் என்று அது சொல்வது நீதிமன்ற வழக்குகளில் மட்டுமே: பிள்ளையின் பாதுகாப்புக்காக அரசு தொடுக்கும் வழக்கு, தத்தெடுப்பு, பாதுகாவலர் யார், யாரிடம் வளர்வது, யார் வந்து பார்ப்பது ஆகியவை. பள்ளி நேரம், பஸ் வழித்தடம், மருத்துவமனை வரிசை எதுவும் அதற்குள் வராது. அங்கெல்லாம் பிள்ளையின் குரல் நல்லெண்ணத்தையும் கொள்கை ஆவணங்களையும் நம்பியே நிற்கிறது.

அந்தக் கொள்கை ஆவணங்களில் முக்கியமானது 2015-ல் வந்த பங்கேற்புத் திட்டம். அதன் அடித்தளம், பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரா லண்டி 2007-ல் முன்வைத்த மாதிரி. நாலே சொற்கள்: இடம், குரல், செவி, தாக்கம். பயமில்லாமல் பேச இடம் வேண்டும். பேசத் துணை வேண்டும். படம், விளையாட்டு, சைகை மொழி, மொழிபெயர்ப்பாளர் எதுவானாலும் சரி. சொன்னதைக் கேட்க, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவரின் செவி வேண்டும். கேட்டவர் அதன்படி எதையாவது மாற்ற வேண்டும், அல்லது ஏன் மாற்றவில்லை என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டில் அயர்லாந்து உண்மையிலேயே கெட்டிக்கார நாடு. 2017-ல் இதற்கென்றே ஹப் நா நோக் என்ற மையத்தைத் தொடங்கிப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஐரிஷ் மொழியில் 'ஓக்' என்றால் இளையவர். பெயர்களின் வாலில் வரும் 'நா நோக்' இளையவர்களின் என்று பொருள்படும். மூன்றாவதிலும் நான்காவதிலும்தான் வண்டி சேற்றில் இறங்குகிறது.

ஒரு கருத்துக் கேட்பை ஒழுங்காக நடத்த என்னென்ன வேண்டும் என்று பார்த்தால், எங்கே இறங்குகிறது என்பது விளங்கும்.

முதல் வேலை பிள்ளைகளைத் தேடுவது அல்ல. முடிவெடுப்பவரைத் தேடுவது. "இந்த அறிக்கை யார் மேசைக்குப் போகும்? அவரால் மாற்றக்கூடியது எது, முடியாதது எது? பட்ஜெட் எப்போது முடிவாகிறது?" என்று எழுத்தில் வாங்க வேண்டும். பட்ஜெட் அக்டோபரில் அறிவிக்கப்படும் நாட்டில், நவம்பரில் பிள்ளைகளைக் கூட்டிப் பணம் தேவைப்படும் விஷயத்தைக் கேட்டால், அவர்கள் சொன்னது ஓராண்டு ஊறிக் கிடக்கும். அதற்குள் 17 வயதுக்காரர் கல்லூரிக்குப் போயிருப்பார்.

அடுத்தது அனுமதி. பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. பிள்ளையின் சம்மதம் தனியாக வேண்டும். "வராவிட்டாலும் பரவாயில்லை, நடுவில் எழுந்து போகலாம், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். சிவப்பு, பச்சை அட்டைகளைக் கையில் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. கூச்சமுள்ள பிள்ளை பேசாமல் சிவப்பை உயர்த்தும். கூட இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் கார்டா எனப்படும் காவல்துறையின் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். 2016 ஏப்ரல் முதல் இது சட்டக் கட்டாயம். ஒரு பிள்ளை பேச்சுவாக்கில் வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொல்லிவிட்டால் யாரிடம் கொண்டுபோவது என்பது அன்று காலையே முடிவாகியிருக்க வேண்டும். ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு டுஸ்லா என்ற குழந்தை நல முகமைக்குத் தெரிவிப்பதைப் போன்ற துரோகம் வேறில்லை. அதனால் "உன் பெயர் வெளியே வராது, ஆனால் உனக்கோ வேறு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்லியாக வேண்டும்" என்ற ஒரு வாக்கியம் முதல் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும்.

மேசைக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர். பேச வைக்க ஒருவர், எழுதிக்கொள்ள இன்னொருவர். இரண்டையும் ஒருவரே செய்தால், குனிந்து எழுதும் நேரத்தில் பேச்சு வாயாடிப் பிள்ளையின் கைக்குப் போய்விடும். எழுதுபவர் பிள்ளையின் சொல்லை அப்படியே எழுத வேண்டும். "டாய்லெட்டில் தாழ்ப்பாள் இல்லை" என்று பிள்ளை சொன்னதை "சுகாதார வசதிக் குறைபாடு" என்று எழுதிவிட்டால் தாழ்ப்பாள் கடைசிவரை வராது. வகுப்பாசிரியர் அறைக்குள் இருக்கக் கூடாது. ஐந்து, ஆறு வயதுக்காரர்களுக்கு முக்கால் மணி நேரமே அதிகம். பதின்வயதினருக்கு இடையில் சாப்பாட்டோடு இரண்டு மணி நேரம் தாங்கும். அந்தச் சாப்பாட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வாக்கெடுப்புக்கு ஆளுக்கு மூன்று வட்ட ஸ்டிக்கர் கொடுத்து, சுவரில் ஒட்டிய யோசனைகளின்மேல் ஒட்டச் சொல்வது வழக்கம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இதில் ஒரு கோளாறு உண்டு. முதலில் நாலைந்து ஸ்டிக்கர் விழுந்த யோசனையின் பக்கமே மற்றவர்களும் சாய்வார்கள். தோழி எங்கே ஒட்டினாளோ அங்கே இவளும் ஒட்டுவாள். யாருக்கும் காட்டாமல் எழுதி உறைக்குள் போடச் சொன்னால் முடிவு மாறும். வெட்கப்படும் விஷயங்கள் உறைக்குள்ளிருந்துதான் மேலே வருகின்றன: மாதவிடாய்ப் பொருள்கள், கிண்டல், வீட்டில் பணமில்லாமை.

யார் வந்தார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பது பெரிய கேள்வி. பள்ளி முதல்வரிடம் "பத்துப் பேரை அனுப்புங்கள்" என்று கேட்டால், நன்றாகப் பேசும் பத்துப் பேர் வருவார்கள். நாடோடி மரபுள்ள ட்ராவலர் சமூகப் பிள்ளை, அடைக்கலம் கேட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை, சக்கர நாற்காலியில் வருபவர், அரசுப் பராமரிப்பில் வளர்பவர், பஸ் இல்லாத மலையோரத்தில் இருப்பவர் யாரும் தானாக வந்து சேரமாட்டார்கள். டாக்சிக்குப் பணம், ஏற்கெனவே அவர்கள் நம்பும் ஒரு இளைஞர் மன்ற ஊழியர், சாய்வுப்பாதை உள்ள அறை, இவ்வளவையும் முதலிலேயே செலவுக் கணக்கில் எழுதாவிட்டால், கடைசியில் "எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுத்தோம்" என்று அறிக்கையில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ஏற்பாடுகளின் நிரந்தர வடிவம் கோர்லே நா நோக். இளையோர் மன்றம் என்று சொல்லலாம். 31 உள்ளாட்சிப் பகுதிகளுக்கும் ஒவ்வொன்று. 12 முதல் 17 வயது. ஆண்டுக்கு ஒரு பெருங்கூட்டத்தில் பள்ளிகளிலிருந்தும் இளைஞர் மன்றங்களிலிருந்தும் பிள்ளைகள் கூடி, உள்ளூர்ப் பிரச்சினைகளை வரிசைப்படுத்திக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குழு ஆண்டு முழுக்கக் கூடி ஒன்றிரண்டு விஷயங்களைக் கையிலெடுக்கிறது: இரவுப் பஸ், மனநலத் துண்டறிக்கை, ஊருக்குள் பதின்வயதினர் உட்கார ஓரிடம். தேசிய அளவில் டால் நா நோக் என்ற இளையோர் நாடாளுமன்றம் உண்டு. அயர்லாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனிக்கலாம். பிள்ளைக்கு அயர்லாந்துக் குடியுரிமை இருக்கிறதா என்பது இங்கே கேள்வி அல்ல. வயதும் வசிக்கும் இடமும்தான் கணக்கு. பள்ளியில் அறிவிப்பு வராவிட்டால் கவுண்டி மன்ற அலுவலகத்தில் ஒருங்கிணைப்பாளர் யாரென்று கேட்டால் போதும். பரீட்சைக்கு இடைஞ்சல் என்று தடுக்கும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு நகராட்சிப் பொறியாளரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பஸ் நிறுத்தத்துக்காக வாதாடிய பிள்ளைக்கு நேர்முகத் தேர்வில் நடுக்கம் வராது.

இனி அவர்கள் கேட்பது என்ன, அது எங்கே போய் நிற்கிறது என்று சிலவற்றைப் பார்க்கலாம்.

சாப்பாடு ஒரு நல்ல உதாரணம், ஏனென்றால் இங்கே பணம் வந்தது. 2019 செப்டம்பரில் 37 தொடக்கப் பள்ளிகளில் சூடான மதிய உணவு சோதனையாகத் தொடங்கியது. ஆண்டுக்கு ஆண்டு விரிந்து, எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பொதுவான திட்டமாகிவிட்டது. ஒரு சாப்பாட்டுக்கு அரசு தருவது 3 யூரோ 20 சென்ட். ஏழைப் பிள்ளைக்கு மட்டும் என்று பிரிக்காமல் வகுப்பு முழுக்கக் கொடுப்பதால் யார் இலவசத்தில் சாப்பிடுகிறார் என்ற கேள்வியே எழாது. நியாயத்தை ஒரு தட்டில் வைத்துக் காட்டச் சொன்னால் இதைக் காட்டலாம்.

நடைமுறைக்கு வந்தால் சிக்கல் ஆரம்பம். அயர்லாந்துத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் சமையலறையும் கிடையாது, சாப்பாட்டுக் கூடமும் கிடையாது. ஒப்பந்தக்காரர் எங்கோ ஒரு பெரிய சமையற்கூடத்தில் சமைத்து, குளிர்வித்து, வண்டியில் கொண்டுவந்து, பள்ளியில் வைத்த மின் அடுப்பில் மறுபடி சூடாக்குகிறார்; இல்லாவிட்டால் வெப்பப் பெட்டியில் சூடாகவே கொண்டுவருகிறார். உணவுப் பாதுகாப்பு விதிப்படி மறுசூட்டில் நடுப்பகுதி 70 டிகிரி தொட வேண்டும்; பரிமாறும்வரை 63-க்குக் கீழே இறங்கக் கூடாது. இந்த விதிக்குத் தாங்கும் உணவுகள் சிலதான்: பாஸ்தா, குழம்பு ஊற்றிய சோறு, உருளைக்கிழங்கு, கோழித் துண்டு. மொறுமொறுப்பாக எதுவும் அந்தப் பெட்டிக்குள் பிழைக்காது. பிள்ளைகள் தங்கள் மேசையிலேயே சாப்பிடுகிறார்கள். சாப்பிடக் கிடைப்பது பல இடங்களில் பத்து நிமிடம்; பிறகு விளையாட்டு மைதானம். பசியா விளையாட்டா என்றால் ஏழு வயதுக்கு விளையாட்டுதான். மிஞ்சும் சாப்பாடு மூடியோடு குப்பைக்குப் போகிறது. பெரியவர்கள் இதை ஊட்டச்சத்துப் பிரச்சினை என்றும் குப்பைப் பிரச்சினை என்றும் பேசுகிறார்கள். என் கணிப்பில் இதில் பாதி நேரப் பிரச்சினை. அயர்லாந்துத் தொடக்கப் பள்ளி நாள் 5 மணி 40 நிமிடம். அதில் இன்னும் பத்து நிமிடத்தைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கினால் கற்பிக்கும் நேரத்தில் கைவைக்க வேண்டும். அந்த முடிவு உணவுக்குப் பணம் கொடுக்கும் சமூகப் பாதுகாப்புத் துறையின் கையில் இல்லை; கல்வித் துறையின் கையில் இருக்கிறது. பிள்ளை கேட்டது ஒன்று, அதற்குச் செவி இரண்டு கட்டடங்களில்.

வீடு விஷயத்தில் ஆசை இதைவிடச் சிறியது, கிடைப்பது இதைவிடக் குறைவு. அவசரத் தங்குமிடங்களில் வாழும் பிள்ளைகளின் எண்ணிக்கை 2014-ல் ஆயிரத்துக்குக் கீழே இருந்தது. 2025-ல் 5,000-த்தைத் தாண்டியது. குடும்ப மையங்கள் என்ற பெயரில் நடக்கும் தங்குமிடங்களில் இருந்த பிள்ளைகளிடம் குறைதீர்ப்பாளர் அலுவலகம் நேரே பேசி 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் மாளிகை கேட்கவில்லை. தோழியை வீட்டுக்குக் கூட்டிவர முடியவில்லை. பக்கத்து அறைப் பிள்ளையோடு அறைக்குள் விளையாட அனுமதி இல்லை. தாழ்வாரத்தில் தனியாக நடக்கக் கூடாது, அம்மா கூடவே வர வேண்டும். வீட்டுப்பாடம் செய்ய அமைதியான மூலை இல்லை. இது பிள்ளைகளுக்கான சிறை என்று ஒரு சிறுமி சொன்னது நாடு முழுக்கச் செய்தியானது. பிறந்தநாளுக்கு எல்லோரும் கூப்பிடுகிறார்கள், நான் யாரையும் கூப்பிட முடியாது என்ற நிலையில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளை, மெதுவாகத் தானும் போவதை நிறுத்திவிடும்.

வீடு கட்டப் பல ஆண்டுகளாகும் என்பது உண்மை. ஆனால் விருந்தினர் விதியை மாற்றச் செங்கல் வேண்டாம். வார இறுதியில் இரண்டு மணி நேரம் பொது அறையைத் திறந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஓர் ஊழியரை அங்கே உட்கார வைத்தால் போதும். இப்படிப்பட்ட கோரிக்கைகளைப் பெரிய கோரிக்கைகளிலிருந்து பிரித்தெடுத்து 'அடுத்த வாரமே முடியும்' என்ற தனிப் பட்டியலில் போடுவது அறிக்கை எழுதுபவரின் கைத்திறன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து எழுதினால், வீட்டுப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி விருந்தினர் விதியும் அப்படியே கிடக்கும்.

ஆரோக்கியம் என்றால் அங்குள்ள குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வரிசை. 2005-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, வளர்ச்சிக் குறைபாடு இருக்கலாம் என்று விண்ணப்பித்த பிள்ளைக்குத் தேவை மதிப்பீடு மூன்று மாதத்துக்குள் தொடங்கி, அடுத்த மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும். ஆறு மாதம் என்று சட்டம் சொல்ல, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வரிசை திடீரென நீண்டதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. 2020-ல் அரசின் சுகாதாரச் சேவை, முழு மதிப்பீட்டுக்குப் பதிலாக 90 நிமிடம் வரையிலான ஒரு முதற்கட்டப் பரிசோதனையை வைத்துக் கணக்கை முடித்தது. அது சட்டம் கேட்கும் மதிப்பீடு ஆகாது என்று 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முடிந்ததாக எழுதிய கோப்புகள் மறுபடி வரிசைக்கு வந்தன. மதிப்பீடு செய்யும் உளவியலாளரும் பேச்சுப் பயிற்சியாளரும்தான் சிகிச்சையும் தருகிறார்கள் என்பதால், ஒரு வரிசையைச் சுருக்கப் போனால் மற்றது நீள்கிறது. 2025 மே மாதம் டிப்பரரிப் பகுதியைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, தன் தம்பிகளைப் போன்ற பிள்ளைகளுக்காக நாடாளுமன்ற வாசலில் 50 மணி நேரம் உட்கார்ந்து போராடினாள். அவளிடம் யாரும் கருத்துக் கேட்டுப் படிவம் நீட்டவில்லை; அவளே செவியைத் தேடிப் போனாள். இவ்வளவு கலந்தாய்வு மன்றங்கள் உள்ள நாட்டில் வாசலில் உட்கார்வதுதான் பலித்தது என்பதை அந்த மன்றங்களை நடத்துபவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மனநலச் சேவையும் அப்படித்தான். கெரி மாவட்டத்தின் தென்பகுதியில் இயங்கிய பிள்ளைகள் மனநலச் சேவையைப் பற்றி 2022 ஜனவரியில் வந்த மாஸ்கி அறிக்கை, 240 பிள்ளைகளுக்கு ஆபத்தான விதத்தில் சிகிச்சை தரப்பட்டது என்றும், அவர்களில் 46 பேருக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு நேர்ந்தது என்றும் சொன்னது. மருந்து கொடுத்தபின் பிள்ளையிடம் "எப்படி இருக்கிறது?" என்று முறையாகக் கேட்டுக் குறித்துவைக்காததும் அந்தத் தவறுகளில் ஒன்று.

கொஞ்சம் சாலைக்கு வருவோம். பள்ளிக்கு நடந்தோ சைக்கிளிலோ போக ஆசைப்படாத பிள்ளை குறைவு. விடுகிற பெற்றோர் அதைவிடக் குறைவு. 2016 கணக்கெடுப்பின்படி உயர்நிலைப் பள்ளிப் பெண்பிள்ளைகளில் சுமார் 250 பேருக்கு ஒருவர்தான் சைக்கிளில் போனார். சைக்கிள் மிதித்தவர்களைவிடத் தாமே கார் ஓட்டிப் போன மாணவிகள் அதிகம் என்றால் நம்பக் கடினம்தான். மழையைக் காரணம் சொல்வார்கள். ஆனால் அதே மழையில் பையன்கள் பல மடங்கு அதிகமாகப் போகிறார்களே? பாவாடைச் சீருடை, கனத்த பை, ஓட்டும்போது விழும் கேலி, லாரியோடு உரசிப் போகும் ஒற்றைக் கோட்டுப் பாதை ஆகியவற்றைத்தான் பெண்பிள்ளைகள் சொல்கிறார்கள். இந்த நாலில் மூன்றைச் சரிசெய்யச் சாலை போட வேண்டாம்.

2021 மார்ச்சில் தொடங்கிய பாதுகாப்பான பள்ளிப் பாதைத் திட்டத்துக்கு 900-க்கும் மேற்பட்ட பள்ளிகள் விண்ணப்பித்தன. மூன்று வேலைகள்: பள்ளிக்கு வரும் பாதைகளைச் சீராக்குவது, வாசல் பகுதியில் கார் நிற்காமல் செய்வது, சைக்கிள் நிறுத்தம் கட்டுவது. வாசலில் பென்சில் வடிவத்தில் வண்ணக் கம்பங்கள் நட்டு, சாலையில் பெரிய வண்ண வட்டங்கள் வரைந்திருப்பார்கள். பென்சில் அலங்காரத்துக்கு அல்ல. கார் நடைபாதைமேல் ஏறாமல் தடுக்கிறது. டப்ளினுக்கு வடக்கே மாலஹைடில் ஒரு பள்ளித் தெருவையே காலையும் மதியமும் குறித்த நேரத்துக்குக் கார்களுக்கு மூடினார்கள். வாசலில் கூட்டம் கலைந்தாலும் அடுத்த தெருவில் போய் நின்றுவிடக்கூடும் என்பதால், நடந்து வரும் தூரத்தில் காரை நிறுத்த ஓரிடத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும். காலவே நகரில் 2018-ல் தொடங்கிய, பிள்ளைகள் கூட்டமாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் 'சைக்கிள் பஸ்' இன்னொரு வழி. முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர், குறுக்குச் சந்துகளில் ஓரிருவர். நிறுத்தங்களுக்கு நேர அட்டவணை. இதில் பிள்ளைகளுக்குப் பிடித்தது பாதுகாப்பு அல்ல, பேசிக்கொண்டே போவது. 2025 பிப்ரவரி 7 முதல் கிராமத்து உள்ளூர்ச் சாலைகளில் வேக வரம்பு 80-லிருந்து 60 கிலோமீட்டராக இறங்கியது. நடைபாதையே இல்லாத அந்தச் சாலைகளில் இருபது கிலோமீட்டர் என்பது ஒரு பிள்ளையின் உயிர் அளவு.

கைபேசி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023-ல் விக்லோ மாவட்டத்து கிரேஸ்டோன்ஸில் எட்டுத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் சேர்ந்து, தொடக்கப் பள்ளி முடியும்வரை ஸ்மார்ட்போன் வாங்கித் தருவதில்லை என்று தாமாக ஒப்பந்தம் போட்டன. "எல்லோரிடமும் இருக்கிறது" என்ற வாதத்தின் கால் அதோடு ஒடிந்தது. 2024 அக்டோபரில் உயர்நிலைப் பள்ளிகளில் போனைப் பூட்டிவைக்கும் உறைகளுக்கு 90 லட்சம் யூரோ ஒதுக்கப்பட்டபோது கிளம்பிய கேலி வேறு கதை.

பிள்ளைகளைக் கேட்டதில் மிகச் சரியாக வடிவமைக்கப்பட்டது எதுவென்றால், 2022-ல் பல்லுயிர் இழப்பைப் பற்றி நடந்த பிள்ளைகள், இளையோர் பேரவையைச் சொல்வேன். 7 முதல் 17 வயதுவரை 35 பேர். வடிவமைப்பிலேயே இளையவர்கள் ஆலோசகர்களாக இருந்தார்கள். இரண்டு வார இறுதிகள். நிபுணர்கள் வந்து பேசினார்கள், பிள்ளைகள் காட்டிலும் கரையிலும் நடந்தார்கள். முடிவில் 58 கோரிக்கைகள். பெரியவர்களின் குடிமக்கள் பேரவையும் அதே பொருளில் அதே காலத்தில் நடந்ததால், கேட்க ஒரு செவி தயாராக இருந்தது. 2019 நவம்பரில் 157 இளையவர்கள் நாடாளுமன்ற அவையிலேயே உட்கார்ந்து காலநிலை பற்றிப் பிரகடனம் செய்ததும் நல்ல காட்சிதான். ஆனால் காட்சி ஒரு நாளில் முடிந்தது. பேரவை அறிக்கையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எண் இருந்தது. எண் இருந்தால் பின்னால் போய் "இந்த 23-ஆவது என்னாயிற்று?" என்று கேட்கலாம்.

வாக்குரிமை கொடுத்துவிட்டால் செவி தானாக வரும் என்பவர்களும் உண்டு. 2013-ல் அரசியலமைப்பு மாநாடு வாக்களிக்கும் வயதை 16 ஆக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் பொதுவாக்கெடுப்பு நடக்கவே இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் மட்டுமாவது 16 வயதினரைச் சேர்க்கச் சாதாரணச் சட்டமே போதும் என்பது ஆதரவாளர்களின் வாதம். அந்தத் தேர்தலில் குடியுரிமை இல்லாத, 18 வயது நிறைந்த எந்தக் குடியிருப்பாளரும் ஏற்கெனவே வாக்களிக்கலாம். வேலைக்காக அங்கே போன தமிழர்களுக்கும் இது பொருந்தும். பள்ளி வாசலில் பென்சில் கம்பம் நடுவது அந்தத் தேர்தலில் அமையும் உள்ளாட்சி மன்றம்தான்.

பொது அமைப்பு ஒன்று பிள்ளைக்கு அநியாயம் செய்துவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. பிள்ளையே நேரடியாகப் புகார் எழுதலாம். முதலில் அந்த அமைப்பிடமே புகார் கொடுத்து, பதில் வராமலோ திருப்தியில்லாமலோ இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் முதல் கடிதத்தின் நகலையும் தேதியையும் பத்திரமாக வைத்திருங்கள். அடைக்கலம் கோரிய குடும்பங்கள் தங்கும் மையங்களில் உள்ள பிள்ளைகளுக்கு இந்த வாசல் 2017-ல்தான் திறந்தது. அதற்குமுன் அவர்கள் எந்தக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிட முடியவில்லை.

பிள்ளைகளுக்குத் திரும்பிச் சொல்லும் பதிலுக்கும் பேராசிரியர் லண்டி நாலு நிபந்தனைகள் வைத்திருக்கிறார்: முழுமையாக, புரியும்படி, சீக்கிரமாக, பிறகும் தொடர்ந்து. நடைமுறையில் இது ஒரே ஒரு தாள். இடப்பக்கம் பிள்ளை சொன்னது, அதே சொற்களில். நடுவில் மூன்று கட்டங்கள்: செய்துவிட்டோம், செய்துகொண்டிருக்கிறோம், செய்யமாட்டோம். வலப்பக்கம் காரணம், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அடியில் கையெழுத்திடுபவரின் பெயரும் அடுத்த தாள் வரும் தேதியும். கலந்தாய்வு முடிந்த ஆறு வாரத்துக்குள் முதல் தாள் போய்விட்டால் நல்லது. அதே பள்ளி ஆண்டுக்குள் இரண்டாவது. ஜூன் கடைசியில் தொடக்கப் பள்ளிகள் மூடிவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செப்டம்பரில் வேறு பள்ளியில் இருப்பார்கள். முகவரியை மார்ச்சிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.